விளையாட்டு வாத்தியாரின் சம்பளம்

'கோச்' என்றால் நம் பாட்டன்மார்களுக்குக் குதிரை வண்டி. ஹங்கேரி தேசத்தில் அந்தப் பெயருடன் ஒரு கிராமம் உண்டு. அங்கே செய்த வண்டிகள் ஐரோப்பா முழுவதும் பிரசித்தி அடையவே, கிராமத்தின் பெயரே வண்டிக்குப் பெயராகிவிட்டது. பிறகு 19-ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்போர்டு மாணவர்கள் அப்பெயரை ஒரு புது இடத்தில் கொண்டுபோய் ஒட்டினார்கள். பரீட்சை என்னும் கரடுமுரடான பாதையில் தங்களைச் சுமந்துகொண்டு போய் அக்கரை சேர்க்கும் தனி ஆசிரியரை, வேடிக்கையாகக் 'கோச்' என்று அழைத்தார்கள். வண்டியிலிருந்து வாத்தியாருக்கு வந்த பெயர், வாத்தியாரிடமிருந்து பந்தாட்ட மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

வண்டிக்குக் கொடுப்பது கூலி. வாத்தியாருக்குக் கொடுப்பது சம்பளம். வண்டி ஊர் போய்ச் சேர்ந்ததும் அதை அனுப்பிவிடலாம். வாத்தியாரை அப்படி அனுப்ப முடியாது, அனுப்பவும் கூடாது. மைதானத்தில் நின்று பிள்ளைகளைப் பழக்குகிறவர் இந்த இரண்டில் எந்த ஜாதியைச் சேர்ந்தவர்? ஐக்கிய அமெரிக்காவின் கலாசாலைகள் நூற்றுமுப்பது வருஷங்களாக இந்தக் கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருக்கின்றன. பெரிய சர்வகலாசாலைகள் தங்கள் விடையைக் கோடிக் கணக்கில் எழுதிவிட்டன. சின்னக் கலாசாலைகள் இன்னும் திண்டாடுகின்றன. அந்தத் திண்டாட்டத்தில் நமக்கும் ஒரு பாடம் இருப்பதாக நமக்குத் தோன்றுவதால், அதை நேயர்கள் முன் வைக்கிறோம்.

இரண்டு உலகங்கள்

அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்வது நாம் அறிந்த கால்பந்து அல்ல. முட்டை வடிவமான பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும், ஓடுகிறவனைத் தள்ளி வீழ்த்துவதுமே அதில் பிரதானம். காலுக்கு வேலை குறைவு. இந்த ஆட்டத்திலும் கூடைப்பந்திலும் அவர்களுக்குள்ள மோகம் கொஞ்சநஞ்சமல்ல. 2007-ஆம் வருஷத்தில் அலபாமா சர்வகலாசாலை நிக் ஸேபன் என்பவரைக் கால்பந்துப் பயிற்சியாளராக அமர்த்தியபோது, எட்டு வருஷத்துக்கு 3 கோடியே 20 லட்சம் டாலர் என்று ஒப்பந்தம் செய்துகொண்டது. 2024 ஜனவரியில் அவர் ஓய்வு பெற்றபோது அவருடைய வருஷ வருமானம் ஒரு கோடி டாலரைத் தாண்டியிருந்தது. அந்நாட்டின் பெரும்பாலான ராஜ்யங்களில், சர்க்கார் சம்பந்தப்பட்ட உத்தியோகஸ்தர்களிலேயே மிக அதிகச் சம்பளம் பெறுகிறவர் கவர்னர் அல்ல. பிரதம நீதிபதியும் அல்ல. ராஜ்ய சர்வகலாசாலையின் கால்பந்து அல்லது கூடைப்பந்துப் பயிற்சியாளர்தான்!

பத்திரிகைகளில் வருவது இந்த உலகம். இதன் நிழலில் இன்னொரு உலகம் இருக்கிறது. கலாசாலைப் பந்தயங்களுக்கு விதி வகுப்பதற்காக 1906-ல் ஏற்பட்ட தேசிய சங்கம், 1973-ல் தன் அங்கத்தினர்களை மூன்று பிரிவுகளாக வகுத்தது. முதற் பிரிவில் தொலைக்காட்சிப் பணம் புரளும் பெரிய சர்வகலாசாலைகள். இரண்டாம் பிரிவில் விளையாட்டுக்காக ஓரளவு உபகாரச் சம்பளம் கொடுக்கக்கூடிய நடுத்தரக் கலாசாலைகள். மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்காக ஒரு செப்புக் காசும் உபகாரச் சம்பளம் கொடுக்கக் கூடாது என்ற விதிக்குக் கட்டுப்பட்ட நானூற்றுக்கு மேற்பட்ட கலாசாலைகள். இவை தவிர, 1937-ல் கான்ஸஸ் நகரில் நடந்த ஒரு கூடைப்பந்துப் பந்தயத்திலிருந்து கிளைத்த வேறொரு சங்கத்திலும் சிறு கலாசாலைகள் இருக்கின்றன. ஆயிரம் அல்லது இரண்டாயிரம் மாணவர்கள், ஒரு மணிக்கூண்டு, ஒரு தேவாலயம், புல் மைதானம் ஒன்று - இவ்வளவுதான் இவற்றில் பலவற்றின் ஆஸ்தி. இங்கே வேலை பார்க்கும் பயிற்சியாளர்களின் கதையே நமது கதை.

சிகாகோவில் ஒரு பேராசிரியர்

ஆரம்பத்தில் இக்கேள்விக்கு அழகான ஒரு விடை கிடைத்திருந்தது. ஆமோஸ் அலான்ஸோ ஸ்டாக் என்ற இளைஞர் யேல் சர்வகலாசாலையில் வேத சாஸ்திரம் படித்தவர். பாதிரியாராகப் போகவேண்டியவர், பிரசங்க மேடையில் தமக்கு வாக்கு வன்மை போதாது என்று எண்ணி, இளைஞர்களின் தேகத்தைப் பண்படுத்துவதையே தொண்டாக எடுத்துக்கொண்டார். யேலில் அவருக்குப் பாடம் சொன்ன ஹார்ப்பர் என்பவர் புதிதாக ஏற்பட்ட சிகாகோ சர்வகலாசாலைக்குத் தலைவரானபோது, ஸ்டாக்கைத் தம்முடன் அழைத்துக்கொண்டார். 1892-ல் ஸ்டாக் அங்கே சேர்ந்தது கூலிக்காரராக அல்ல. தேகப்பயிற்சி இலாகாவின் தலைவர், இணைப் பேராசிரியர் அந்தஸ்து, வருஷத்துக்கு 2,500 டாலர் சம்பளம், நிரந்தர உத்தியோகம் - இவ்வளவும் அவருக்குக் கொடுக்கப்பட்டன. சரித்திர ஆசிரியருக்கும் ரஸாயன ஆசிரியருக்கும் என்ன மரியாதையோ அதே மரியாதை மைதானத்து ஆசிரியருக்கும் என்பது ஹார்ப்பரின் கொள்கை.

ஸ்டாக் அங்கே நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்தார். ஒரு வருஷம் தோற்றால் மறு வருஷம் வீட்டுக்குப் போகவேண்டும் என்ற பயம் அவருக்கு இல்லை. எழுபது வயதானவர்கள் ஓய்வு பெறவேண்டும் என்ற விதியினால் 1932-ல் சிகாகோவை விட்ட பிறகும், அவர் சாய்வு நாற்காலியைத் தேடிப் போகவில்லை. காலிபோர்னியாவில் பஸிபிக் என்னும் சிறு கலாசாலையில் பதினான்கு பருவங்கள், பிறகு பென்ஸில்வேனியாவில் தம் மகன் பயிற்சியாளராயிருந்த ஸஸ்க்வஹானா என்னும் மற்றொரு சிறு கலாசாலையில் சில வருஷங்கள் என்று உழைத்தார். 98-வது வயதில்தான் மைதானத்தை விட்டார். 102-வது வயதில் உலகை விட்டார். மூன்றாம் பிரிவின் கால்பந்து இறுதிப் பந்தயம் 1973 முதல் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. சிகாகோ சர்வகலாசாலையும் 1939-ல் கால்பந்தை ஒழித்துவிட்டு, முப்பது வருஷங்களுக்குப் பின் அதை மறுபடி ஏற்று, இன்று மூன்றாம் பிரிவிலேயே விளையாடுகிறது.

ஆனால் ஸ்டாக் போட்ட பாதையில் ஊர் போகவில்லை. 1905-ல் ஹார்வர்டு சர்வகலாசாலை, யேலை எப்படியாவது தோற்கடிக்கவேண்டும் என்ற ஆத்திரத்தில், பில் ரீட் என்ற 26 வயது வாலிபரை 7,000 டாலருக்கு அமர்த்தியது. அதில் பாதியைப் பழைய மாணவர்களே கையிலிருந்து கொடுத்தார்கள். அது ஹார்வர்டின் எந்தப் பேராசிரியருக்கும் கிடைக்காத சம்பளம். கால்பந்தையே வெறுத்த கலாசாலைத் தலைவர் எலியட், தமக்குக் கிடைக்கும் தொகைக்கு ஏறக்குறைய சமமானதை ஒரு வாலிபர் வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தது. 1929-ல் கார்னெகி ஸ்தாபனத்தார் ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டு, கலாசாலை விளையாட்டில் வியாபாரம் புகுந்துவிட்டதைக் கடுமையாகக் கண்டித்தார்கள். அறிக்கை அலமாரியில் தங்கிற்று. வியாபாரம் மைதானத்தில் தங்கிற்று.

ஒரு பயிற்சியாளரின் பொழுது

சிறு கலாசாலைப் பயிற்சியாளர் ஒருவர் செய்யும் வேலை என்ன? மாலை இரண்டு மணி நேரம் பந்தாடக் கற்றுக் கொடுப்பது மட்டும் என்று நினைப்போமானால் ஏமாந்து போவோம்.

முதல் வேலை, ஆள் சேர்ப்பது. பல சிறு கலாசாலைகளுக்குப் பெரிய மூலதனம் கிடையாது. மாணவர் செலுத்தும் கட்டணத்தில்தான் அடுப்பு எரியவேண்டும். பள்ளிப் படிப்பு முடிக்கும் இளைஞர் தொகையோ அநேக பிரதேசங்களில் குறைந்து வருகிறது. ஆகவே, "எங்கள் கலாசாலைக்கு வா, உனக்கு நாலு வருஷம் விளையாட இடம் உண்டு" என்று வீடு வீடாகப் போய்ப் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் நம்பிக்கை ஊட்டுகிறவர் தேவைப்படுகிறார். அவர்தான் பயிற்சியாளர். விளையாட்டு உபகாரச் சம்பளம் இல்லாத இடத்தில், அவர் அழைத்து வரும் ஒவ்வொரு பிள்ளையும் கட்டணம் செலுத்துகிற பிள்ளை. மிச்சிகன் ராஜ்யத்தில் ஏட்ரியன் என்னும் சிறு கலாசாலை, 2005-க்குப் பிறகு புதுப் புது விளையாட்டுகளைச் சேர்த்தே தன் மாணவர் தொகையைப் பெருக்கிக்கொண்டது பிரசித்தமான உதாரணம். சில சிறு கலாசாலைகளில் மாணவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் ஏதேனும் ஒரு குழுவில் விளையாடுகிறவர்கள் என்றால், பயிற்சியாளர் இல்லாமற்போனால் அங்கே எத்தனை வகுப்பறைகள் காலியாகும் என்று நேயர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஆள் சேர்த்த பிறகு மற்ற வேலைகள். பந்தய அட்டவணை போடவேண்டும். வெளியூர்ப் பயணத்துக்கு வண்டி ஏற்பாடு செய்யவேண்டும், சில சமயம் தாமே ஓட்டவும் வேண்டும். உடுப்புகளைச் சலவைக்குப் போட வேண்டும். படிப்பில் பின்தங்கிய பிள்ளையைத் தனியே அழைத்துப் புத்தி சொல்லவேண்டும். நள்ளிரவில் வீட்டு ஞாபகத்தால் அழும் முதல் வருஷத்துப் பையனின் டெலிபோனுக்கும் பதில் சொல்லவேண்டும். சனி, ஞாயிறு என்ற கிழமைகள் அவர் வீட்டுக் காலண்டரில் இல்லை.

இதற்குக் கிடைப்பது? தலைமைப் பயிற்சியாளரின் சம்பளமே அவ்வூர்ப் பள்ளிக்கூட ஆசிரியரின் சம்பளத்தோடு போட்டியிட முடியாத இடங்கள் உண்டு. துணைப் பயிற்சியாளரின் நிலை இன்னும் மோசம். பருவத்துக்கு ஒரு சிறு தொகை என்று பேசிக்கொண்டு பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள் அநேகர். மேற்படிப்புக் கட்டணத்தை மன்னித்துக் கொஞ்சம் கைச் செலவுக்குக் கொடுத்தால் போதும் என்று இரண்டு வருஷம் உழைத்துவிட்டுப் போகும் இளைஞர்கள் மற்றும் பலர். ஒப்பந்தமோ பெரும்பாலும் வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கப்படுவது. சம்பளம் உயரவேண்டுமானால் ஊர் மாறவேண்டும் என்பதே அத்தொழிலின் எழுதாத விதி. இளைஞராய் இருக்கும்போது மூட்டை கட்டுவது சுலபம். கல்யாணமாகி இரண்டு குழந்தைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அது சுலபமல்ல. ஆகவே, முப்பத்தைந்து வயதில், தொழில் நன்றாகக் கைவந்திருக்கும் சமயத்தில், பலர் மைதானத்தை விட்டு வேறு பிழைப்பைத் தேடிப் போய்விடுகிறார்கள்.

அவர் போனால் போவது அவர் ஒருவர் மட்டுமல்ல. "இவரை நம்பி வந்தோம்" என்று சொல்லும் முப்பது பிள்ளைகள் திகைத்து நிற்கிறார்கள். சிலர் அவர் பின்னாலேயே வேறு கலாசாலைக்குப் போகிறார்கள். புதிதாக வருகிறவர் அவர்கள் பெயரைக் கற்றுக்கொள்வதற்குள் ஒரு பருவம் முடிந்துவிடுகிறது. சம்பளத்தில் சில ஆயிரம் டாலர் மிச்சம் பிடித்த கலாசாலை, கட்டணத்தில் பல ஆயிரம் டாலரை இழக்கிறது. இந்தக் கணக்கை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஒரே பக்கத்தில் எழுதுவதில்லை. அதனால்தான் யாருக்கும் தெரிவதில்லை.

ஆசிரியர் என்ற பட்டம்

இப்போது நமக்கு மிகவும் சுவாரஸ்யமாகத் தோன்றிய ஒரு சட்ட விஷயத்துக்கு வருகிறோம். அமெரிக்காவில் 1938-ல் ஏற்பட்ட உழைப்புச் சட்டத்தின்படி, வாரத்தில் நாற்பது மணிக்கு மேல் வேலை வாங்கினால், மேற்கொண்டு ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரைப் பங்கு கூலி கொடுக்கவேண்டும். நிர்வாகிகள், அறிவுத் தொழில் செய்வோர் முதலியவர்களுக்கு இதில் விலக்கு உண்டு. ஆனால் அவர்களுடைய சம்பளம் ஒரு குறிப்பிட்ட தொகைக்குக் குறையாமல் இருந்தால்தான் விலக்கு. அத்தொகை 2020 முதல் வாரத்துக்கு 684 டாலர், அதாவது வருஷத்துக்கு 35,568 டாலர். 2024-ல் சர்க்கார் அதை உயர்த்தினார்கள். அவ்வருஷம் நவம்பரில் டெக்ஸாஸிலுள்ள ஒரு மத்திய நியாயஸ்தலம் அந்த உயர்வைச் செல்லாதென்று தள்ளிவிட்டது. தொகை பழையபடி 684 டாலருக்கே திரும்பிற்று.

ஆசிரியர்களுக்கோ இந்தச் சம்பள அளவே கிடையாது. எவ்வளவு குறைந்த சம்பளம் வாங்கினாலும் ஆசிரியருக்கு மிகை நேரக் கூலி இல்லை! கற்பிப்பது புனிதமான தொழிலாகையால் கடிகாரத்தைப் பார்த்துக் கூலி கேட்கலாகாது என்பது தாத்பரியம் போலும். அப்படியானால் விளையாட்டுப் பயிற்சியாளர்? தொழில் இலாகாவின் விளக்கம் இதுதான்: ஆட்டக்காரர்களுக்கு ஆட்டத்தைக் கற்பிப்பது அவருடைய பிரதான வேலையாயிருந்தால் அவரும் ஆசிரியரே, ஆள் சேர்ப்பதோ உடலுழைப்போ பிரதானமாயிருந்தால் அவர் ஆசிரியர் அல்லர்.

நேயர்கள் இதைச் சற்று நிதானித்துப் பார்க்கவேண்டும். நிரந்தர உத்தியோகம் கேட்கும்போது, "நீர் ஆசிரியர் அல்லரே, பயிற்சியாளர்தானே?" என்கிறது கலாசாலை. ஆசிரியர் சபையில் இடம் கேட்டாலும் பல இடங்களில் அதே பதில். வாரத்தில் அறுபது மணி நேரம் உழைத்துவிட்டு மிகை நேரக் கூலி கேட்டால் மட்டும், "நீர் ஆசிரியர் அல்லவா? ஆசிரியர் கூலி கேட்கலாமா?" என்று சட்டத்தைக் காட்டலாம். கொடுக்க வேண்டிய இடத்தில் பறிக்கப்படும் பட்டம், கொடுக்காமலிருக்க வேண்டிய இடத்தில் சூட்டப்படுகிறது. வாத்தியார் உத்தியோகம் பார்க்கும் நமக்கு இந்த மரியாதை புதிதல்ல. கூலி குறையும்போதெல்லாம் குரு என்ற பெயர் கிடைத்துவிடுகிறது!

கீழ்ப்படியில் இருப்பவருடைய சம்பளத்தை விதி போட்டே குறைத்த கதையும் உண்டு. 1991-ல் தேசிய சங்கம், செலவைக் குறைக்கவேண்டும் என்று சொல்லி, முதற் பிரிவில் ஒரு வகைத் துணைப் பயிற்சியாளர்களுக்குக் கலாசாலை வருஷத்தில் 12,000 டாலருக்கும் கோடைக் காலத்தில் 4,000 டாலருக்கும் மேல் கொடுக்கலாகாது என்று கட்டளையிட்டது. இளைஞர்கள் தொழிலில் நுழைய இது வழி செய்யும் என்று சமாதானமும் சொல்லிற்று. அனுபவசாலிகளும் அதே பதவியில் அதே 16,000 டாலருக்கு உழைப்பதை அவ்விதி தடுக்கவில்லை என்பது பிறகு வெளிப்பட்டது. அதே சமயத்தில் தலைமைப் பயிற்சியாளர்களின் சம்பளத்துக்கு எந்த வரம்பும் இல்லை. பாதிக்கப்பட்டவர்கள் கான்ஸஸில் வழக்குத் தொடுத்தார்கள். 1995-ல் கீழ்க் கோர்ட்டும் 1998-ல் அப்பீல் கோர்ட்டும், இது போட்டியைக் கெடுக்கும் கூட்டுச் சதி என்று தீர்ப்புக் கூறின. 1999-ல் சங்கம் 5 கோடியே 45 லட்சம் டாலர் கொடுத்து ராஜியாகப் போகவேண்டியதாயிற்று. சிக்கனம் எங்கே தொடங்கவேண்டும் என்று கேட்டால் பெரிய மனிதர்கள் எப்போதும் கீழ்ப்படியையே காட்டுகிறார்கள். அந்த ஒரு தடவை சிக்கனத்துக்கு அதிகம் செலவாகிவிட்டது.

ஸ்திரீகளின் கணக்கு

பெண் குழுக்களின் கதை இன்னும் விசித்திரமானது. கல்வி ஸ்தாபனங்களில் ஆண் பெண் பேதம் பாராட்டலாகாது என்ற சட்டம் 1972-ல் வந்தது. அதற்கு முன்பு கலாசாலைப் பெண்கள் குழுக்களைப் பழக்கியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஸ்திரீகளே. தேகப்பயிற்சி ஆசிரியைகளாக இருந்துகொண்டு, மேல் வேலையாக இதையும், சொற்பத் தொகைக்கோ இனாமாகவோ செய்து வந்தார்கள். சட்டம் வந்தது, பெண்கள் குழுக்கள் பெருகின, பயிற்சியாளருக்குச் சரியான சம்பளமும் ஏற்பட்டது. உடனே என்ன ஆயிற்று? ஆண்கள் வந்து சேர்ந்தார்கள். 2014-ல் எடுத்த கணக்கின்படி, பெண்கள் குழுக்களுக்குப் பயிற்சியாளராயிருந்த ஸ்திரீகள் நூற்றுக்கு 43 பேர்தான். சம்பளமில்லாத வேலையாக இருந்தவரையில் அது பெண்களுக்கு ஏற்ற பணி; சம்பளம் வந்ததும் எல்லோருக்கும் ஏற்ற பணி! பெண்களைப் பெற்ற நேயர்கள் இதன் கசப்பை உணர்வார்கள்.

தங்கியவர்கள்

இவ்வளவுக்கும் நடுவே தங்கியவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்தால்தான் ஒரு நல்ல ஆசிரியர் ஓரிடத்தில் வேரூன்றுவதன் மதிப்புத் தெரியும்.

எட்டி ராபின்ஸன் என்ற நீக்ரோ வாலிபர், பாட்டன் ரூஜ் நகரில் மாட்டுத் தீவன ஆலை ஒன்றில் மணிக்கு 25 சென்ட் கூலிக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 1941-ல் லூயிஸியானா ராஜ்யத்தில் பிற்காலத்தில் கிராம்பிளிங் என்று பெயர் பெற்ற சிறு கலாசாலையில் அவருக்குப் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 63 டாலர் 95 சென்ட். மைதானத்தில் புல் வெட்டுவதும், கோடு போடுவதும், அடிபட்ட பிள்ளைகளுக்குக் கட்டுப் போடுவதும் அவரே. கறுப்பருக்குச் சோறு போடமாட்டோம் என்ற ஹோட்டல்கள் வழி நெடுக இருந்த காலமாகையால், வெளியூர் போகும்போது பிள்ளைகளுக்கு உணவு தயாரித்து எடுத்துக்கொண்டு போனதும் அவரே. இரண்டாவது வருஷத்திலேயே அவருடைய குழு ஒன்பது பந்தயத்திலும் ஜயித்தது. எதிரிகளில் ஒருவராவது ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. 1997 வரையில் அவர் அங்கேயே இருந்தார், வெற்றிகள் 408. இருநூறுக்கு மேற்பட்ட மாணவர்கள் அவர் கையிலிருந்து தொழில்முறைக் குழுக்களுக்குப் போனார்கள். அவரை வேலைக்கு வைத்த கலாசாலைத் தலைவர் ஜோன்ஸ், தாமே பேஸ்பால் குழுவின் பயிற்சியாளராகவும் இருந்தவர் என்பது இங்கே கவனிக்கத் தக்கது. மைதானத்தில் நின்று வெயிலில் காய்ந்த தலைவருக்கு, பயிற்சியாளரின் அருமை எடுத்துச் சொல்லத் தேவையில்லை அல்லவா?

வட கரோலினாவில் கறுப்பு மாணவர்களுக்கென்று ஏற்பட்ட வின்ஸ்டன்-ஸேலம் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் கிளாரென்ஸ் கெயின்ஸ் 1946-ல் தலைமைப் பயிற்சியாளரானார். தொடக்கத்தில் கால்பந்து, கூடைப்பந்து இரண்டும் அவர் பொறுப்பு. 47 வருஷம் அங்கேயே இருந்து கூடைப்பந்தில் 828 வெற்றிகள் கண்டார். 1967-ல் அவருடைய குழு சிறு கலாசாலைகளுக்கான தேசியப் பட்டத்தைப் பெற்றது. கறுப்பர் கலாசாலை ஒன்று தேசிய சங்கத்தின் கூடைப்பந்துப் பட்டம் பெற்றது அதுவே முதல் தடவை.

மூன்றாமவர் ஜான் கலார்டி. இரண்டாவது மகாயுத்தம் நடந்த சமயத்தில் கொலொராடோவில் அவர் படித்த பள்ளிக்கூடத்தின் பயிற்சியாளரைப் பட்டாளத்துக்கு அழைத்துக்கொண்டார்கள். குழுவைக் கலைத்துவிட நிர்வாகிகள் எண்ணியபோது, பதினாறு வயதுப் பையனான கலார்டி, "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று முன்வந்தார். அன்று பிடித்த வேலையை எண்பத்தாறு வயது வரை விடவில்லை. 1953-ல் மின்னஸோட்டாவில் பெனடிக்டைன் துறவிகள் நடத்தும் ஸெயிண்ட் ஜான்ஸ் கலாசாலையில் சேர்ந்து, 2012 முடிய அறுபது பருவங்கள் அங்கே கழித்தார். முந்திய கலாசாலையையும் சேர்த்து 489 வெற்றிகள். கலாசாலைக் கால்பந்தில் இது ஒப்பற்ற தொகை. பயிற்சியின்போது விசில் ஊதமாட்டார். பிள்ளைகள் ஒருவரையொருவர் தள்ளி வீழ்த்தக் கூடாது. தம்மை 'கோச்' என்று கூப்பிடாமல் 'ஜான்' என்று பெயர் சொல்லியே கூப்பிடவேண்டும் என்பார். நம் ஊர்ப் பிள்ளைகள் இந்தக் கடைசி விஷயத்தைப் பின்பற்றவேண்டாம்!

இம்மூவரையும் காட்டி, "பார்த்தீர்களா, பணத்துக்காகவா இருந்தார்கள்?" என்று நிர்வாகிகள் கேட்கக்கூடும். அந்தக் கேள்வியில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. ராபின்ஸனும் கெயின்ஸும் தொழில் ஆரம்பித்த காலத்தில், நிறவெறியின் காரணமாகப் பெரிய சர்வகலாசாலைகளின் கதவுகள் அவர்களுக்கு அடைபட்டிருந்தன. அடைத்த கதவைத் தியாகமென்று புகழ்வது நியாயமல்ல. ஆயினும், இருந்த இடத்தில் அவர்களுக்கு ஒன்று கிடைத்தது: ஒரு தோல்விக்காக உத்தியோகம் போய்விடாது என்ற நம்பிக்கை. கலார்டிக்கும் அது கிடைத்தது. ஸ்டாக்குக்கு அது எழுத்து மூலமாகவே கிடைத்தது. நல்ல பயிற்சியாளரை நிறுத்தி வைப்பதில் பணத்தைவிடப் பெரிய பங்கு அந்த நம்பிக்கைக்கு உண்டு என்பது நம் அபிப்பிராயம். ஆனால், பணமே இல்லாமல் நம்பிக்கையை மட்டும் கொடுத்தால், அடுத்த மாத வாடகையை அதனால் கட்ட முடியாது.

இனி என்ன?

நிலைமை இப்போது இன்னும் நெருக்கடியாகியிருக்கிறது. 2025 ஜூன் மாதத்தில் ஒரு நியாயஸ்தலம் அங்கீகரித்த சமரசத்தின்படி, முதற் பிரிவுக் கலாசாலைகள் ஆட்டக்கார மாணவர்களுக்கு நேராகவே பணம் கொடுக்கலாம். முதல் வருஷத்தில் ஒரு கலாசாலைக்கு உச்ச வரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். பழைய மாணவர்களுக்கு நஷ்டஈடாகச் சுமார் 280 கோடி டாலரும் கொடுக்கவேண்டும். அதில் ஒரு பகுதி முதற் பிரிவிலுள்ள சிறிய கலாசாலைகளுக்கு வரவேண்டிய பங்கிலிருந்தும் பிடிக்கப்படுகிறது. ஆட்டக்காரருக்கு நியாயம் கிடைத்ததில் நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் பெரிய வீட்டுக் கடனுக்குச் சின்ன வீட்டுப் பண்டம் ஏலம் போகிறது. பென்ஸில்வேனியாவிலுள்ள ஸெயிண்ட் பிரான்ஸிஸ் சர்வகலாசாலை, 2025 மார்ச்சில் அதன் கூடைப்பந்துக் குழு தேசியப் பந்தயத்தில் ஆடிய சில நாட்களுக்குள்ளேயே, முதற் பிரிவை விட்டு மூன்றாம் பிரிவுக்குப் போகப் போவதாக அறிவித்தது. இனியும் சில கலாசாலைகள் அவ்வழியே போனால் ஆச்சரியப்படமாட்டோம்.

சிறு கலாசாலைகள் பெரியவற்றோடு சம்பளத்தில் போட்டியிட முடியாது, போட்டியிடவும் வேண்டாம். அவற்றால் செய்யக்கூடியவை வேறு இருக்கின்றன. ஒரு வருஷ ஒப்பந்தத்துக்குப் பதில் மூன்று அல்லது ஐந்து வருஷ ஒப்பந்தம் எழுதலாம். பயிற்சியாளரைத் தேகப்பயிற்சி இலாகாவில் உண்மையான ஆசிரியராக, ஆசிரியருக்குரிய உரிமைகளோடு வைக்கலாம். பழமையான சில சிறு கலாசாலைகளில் இவ்வழக்கம் இன்றும் இருக்கிறது. குடியிருக்க வீடும், குழந்தைகளுக்கு இலவசப் படிப்பும் கொடுக்கலாம். இருபத்தைந்து விளையாட்டுக்களை அரைச் சம்பளத்தில் நடத்துவதைவிடப் பதினைந்தை முழுச் சம்பளத்தில் நடத்தலாம். துணைப் பயிற்சியாளர் இருவருக்குப் பிச்சைக் காசு கொடுப்பதைவிட ஒருவருக்கு வயிறாரக் கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆசிரியர் என்ற பட்டத்தை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழங்கலாம்: கடமையைச் சொல்லும்போது ஆசிரியரானால் உரிமையைச் சொல்லும்போதும் ஆசிரியர்.

கடல் கடந்த இக்கதையில் ஒரு இழை சென்னையிலும் ஓடுகிறது. மாஸச்சூஸெட்ஸ் ராஜ்யத்தில் ஸ்பிரிங்பீல்டு என்று ஒரு கலாசாலை. இன்றும் அது மூன்றாம் பிரிவில் விளையாடும் சிறு கலாசாலைதான். 1891-ல் நெய்ஸ்மித் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தது அங்கே. ஸ்டாக் சிகாகோவுக்குப் போகுமுன் பழக்கியதும் அங்கே. அந்தக் கலாசாலையில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர்தான் நம் சென்னைக்கு வந்து, 1920-ல் ஒய்.எம்.ஸி.ஏ. தேகப்பயிற்சிக் கலாசாலையை நிறுவினார். 1943-ல் இறக்கும் வரை சென்னையே அவர் ஊராயிருந்தது. அங்கே பயின்று வெளிவந்தவர்கள் தேசமெங்கும் பள்ளிக்கூட மைதானங்களில் நின்றார்கள். நாம் 'டிரில் வாத்தியார்' என்று சொல்கிறோமே, அவருடைய பரம்பரை அது.

அந்த டிரில் வாத்தியாரை நாம் எப்படி வைத்திருக்கிறோம்? பரீட்சை நெருங்கினால் முதலில் பலியாவது அவருடைய பீரியட். சுதந்திர தினத்தன்று கொடிக் கம்பம் நடுவதற்கும், ஊர்வலத்தில் வரிசை பிடிப்பதற்கும் அவர் வேண்டும். சம்பளப் பட்டியலில் மட்டும் அவர் கடைசி வரிசை. அமெரிக்கச் சிறு கலாசாலைகளைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன்னால், நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்து மைதானத்துக்கு ஒரு மாலை போய் வருவோம். வெயிலில் நிற்கும் அந்த மனிதர் எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறார், இன்னும் எத்தனை வருஷம் இருக்க நினைக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்போம். அவர் வண்டியா, வாத்தியாரா என்பதற்கு நாம் சொல்லும் விடையை, அவர் ஏற்கெனவே அறிந்திருப்பார்.